வாற்கோதுமை அறுத்த வயலில் மாட்டுக்கு ஒரு கீரை

ஹங்கேரியில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் வாற்கோதுமை, பனிக்காலத்தைத் தாக்குப்பிடித்து, ஜூன் கடைசியில் அறுவடைக்கு வந்துவிடும். அதன்பின் வெயில் நன்றாக அடிக்கும் மாதங்களில் வயல் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் தீவனத்துக்காக விதைக்கத் தோதான பயிர் அமராந்த். நம் தண்டுக்கீரையின் இனம்தான். மெக்சிகோவில் ஆஸ்டெக்குகள் தானியத்துக்காக வளர்த்த, ஆளுயரம் தாண்டும் ரகங்கள்.

மக்காச்சோளத்தைப் போல இதுவும் சி4 தாவரம். கரியமில வாயுவை இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்துவதால், இலைத்துளைகளை அகலத் திறந்து நீரை இழக்க வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற வளர்ச்சியும் கூடும். ஆனால் உறைபனி விழுந்தால் அத்தோடு சரி. அதனால்தான் கதிரறுக்கும் இயந்திரம் வெளியேறியதும் விதைப்பில் இறங்கிவிட வேண்டும் என்பது.

சிக்கலே விதைப்பில்தான். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பல முளைக்காது. மேலாக விழுந்தாலோ ஜூலை வெயிலில் காய்ந்துபோகும். அடித்தாள் மண்டிய கட்டிமண்ணில் விதை எங்கே போய் உட்காரும் என்று சொல்லவே முடியாது. மண்ணைப் பொடியாக்கி, விதைத்த கையோடு உருளை ஓட்டி அழுத்திவிட்டால், அடியிலுள்ள ஈரம் விதைக்கு எட்டும். முதல் சில வாரங்கள் செடி மெதுவாகத்தான் வளரும். அதற்குள், சிந்திய வாற்கோதுமை முளைத்து முந்திக்கொள்ளும். அந்த ஊர் மக்காச்சோள வயல்களில் தலைவலி தரும் களை இதன் பங்காளி. அதைக் கொல்லும் மருந்து இதையும் கொன்றுவிடும். ஆகவே வரிசைக்கிடையே உழுது களையெடுப்பதுதான் வழி.

பூங்கொத்து தலைகாட்டும்போது வெட்டிவிடுவது நல்லது. இளம் இலையில் புரதம் ஏராளம். நாளாக ஆகத் தண்டு முற்றி, மாடு மீதம் வைக்கும். பச்சைச் செடியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், பசுந்தீவனத்தைக் காற்றுப்படாமல் புளிக்கவைக்கும் சைலேஜ் குழியில் அப்படியே போட்டால் சாறு வழிந்து கெட்டுவிடும். வாடவிட்டோ, நறுக்கிய மக்காச்சோளத்துடன் கலந்தோதான் போட வேண்டும்.

அசட்டையாக இருக்கக் கூடாதது நைட்ரேட் விஷயத்தில். உரம் மிகுந்த நிலத்தில் வறட்சி வந்தால், செடி நைட்ரேட்டைத் தண்டில் சேர்த்துவைக்கும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கும். அளவு மிஞ்சினால் அது ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைப் பறிக்கும். ரத்தம் சாக்லேட் நிறமாகும். சைலேஜாகும்போது நைட்ரேட் ஓரளவு குறையும் என்றாலும், குழியைத் திறந்ததும் மாதிரியைப் பரிசோதித்து, மற்றத் தீவனத்தோடு கலந்து, சிறிது சிறிதாகப் பழக்குவதே பாதுகாப்பு.