ஒரே தோட்டத்தில் மூன்று தலைமுறை

மருதனார்மடம் சந்தைக்கு விடியற்காலையில் மரக்கறி கொண்டுவருவோரைச் சற்று நின்று கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். மூட்டையை இறக்குபவர் இருபது வயது மகன். வியாபாரியோடு விலை பேசுபவர் ஐம்பது வயதுத் தந்தை. எந்தப் பாத்தியில் எதை எப்போது நடுவது என்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியவர் எண்பது வயதுப் பாட்டனார். எமது மண்ணில் கமம் எப்போதும் மூன்று தலைமுறை சேர்ந்து செய்த தொழிலாகவே இருந்திருக்கிறது.

இடப்பெயர்வு இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது. 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் முதலிய ஊர்களை விட்டு வெளியேறினார்கள். மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் நீண்டகாலம் வாழ்ந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. எல்லாம் இன்னும் விடப்படவில்லை. இடம்பெயர்ந்தபோது முப்பது வயதில் தோட்டம் செய்தவர் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். முகாமில் பிறந்த பிள்ளைக்கோ இப்போது முப்பது வயதுக்கு மேல். தந்தைக்குக் காணி தெரியும், உடலில் வலு இல்லை. மகனுக்கு வலு உண்டு, காணி தெரியாது. இவர்களை ஒரே வேலைக் குழுவாகக் கொண்டுநடத்துவது எப்படி? திரும்பிச் சென்ற காணி தோட்டமாகுமா, பற்றையாகவே கிடக்குமா என்பது பெரும்பாலும் இக்கேள்விக்கு நாம் காணும் விடையில் தங்கியுள்ளது.

துலா காட்டும் வழி

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் பரவுமுன் எமது கிணறுகளில் துலாவினால் இறைத்தார்கள். ஒருவர் துலாவில் ஏறி மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் பட்டை பிடித்துத் தண்ணீரை ஊற்றுவார். வேறொருவர், பெரும்பாலும் வீட்டுச் சிறுவன், வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவான். மிதிப்பவர் பட்டை பிடிப்பவருக்கு வேலை படிப்பித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் ஒருவர் பிசகினாலும் எல்லாருடைய இறைப்பும் நின்றுவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. அந்தப் பொறுப்பில் அவருடைய சொல்லே முடிவு. பல வயதினர் சேர்ந்த குழுவின் தலைவர் கற்கவேண்டிய முதற்பாடம் இதுதான்.

மூத்தவர்களுக்குரிய பொறுப்பு எது? வேலியும் கதியாலும் அழிந்த காணியில் எல்லை எது, தூர்ந்த கிணறு எங்கே, எந்தத் துண்டு மாரியில் தண்ணீர் தேங்கும் என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்த அறிவு எவ்வளவு பெறுமதியானது என்பதை அண்மையில் நாடே கண்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. பூவரசங்குழையும் காவிளாயும் வெட்டித் தாழ்ப்பது, பனையோலை புதைப்பது, ஆட்டெருவும் மாட்டெருவும் இடுவது எப்படி என்று அந்த மாதங்களில் இளையவர்கள் முதியவர்களிடமே கேட்க வேண்டியிருந்தது.

இளையவர்களின் பொறுப்பும் சிறிதல்ல. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. எண்ணெயை மிச்சப்படுத்தும் இறைப்பு, தூவல் நீர்ப்பாசனம், வங்கிக் கடன் விண்ணப்பம், மற்றச் சந்தைகளின் விலையைக் கைத்தொலைபேசியில் அறிதல் என்பவற்றில் அவர்களுக்கே தேர்ச்சி அதிகம். 100 கிலோவுக்கு 10 கிலோ கழிவு வெட்டப்படுவதாக எமது கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். பிற சந்தை விலையைக் கையில் வைத்திருப்பவர் வியாபாரியோடு பேசும்போது கொஞ்சமாவது நிமிர்ந்து நிற்கலாம்.

நடுவயதினர், குறிப்பாகப் பெண்கள், இரு பகுதியாரின் பேச்சையும் விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள். குழுத் தலைமைக்குப் பெரும்பாலும் இவர்களே பொருத்தமானவர்கள். வயதில் மூத்தவர் என்பதற்காகவோ, குரல் பெரியது என்பதற்காகவோ தலைமையைக் கொடுத்துவிடக் கூடாது.

வாதத்தை அளவு தீர்க்கட்டும்

நான் அறிந்த ஒரு குழுவில் கிணற்றை வைத்தே பிணக்கு எழுந்தது. இளைஞர்கள் பெரிய இறைக்கும் இயந்திரம் ஒன்று வாங்க விரும்பினார்கள். “தம்பி, உதாலை இறைச்சா கிணறு உவராப் போகும்” என்றார் பெரியவர். “அப்பு, நீங்கள் பழைய கதை கதைக்கிறியள்” என்றான் இளைஞன். கூட்டம் அத்துடன் கலைந்தது.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். ஆனால் எவ்வளவு இறைத்தால் மிஞ்சும் என்பது கிணற்றுக்குக் கிணறு வேறுபடும்.

அடுத்த கூட்டத்தைக் குழுத் தலைவி கிணற்றடியிலேயே வைத்தார். கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்தார்கள். இரவல் இயந்திரத்தால் ஒரு மணித்தியாலம் இறைத்து மீண்டும் அளந்தார்கள். இறங்கிய நீர் ஊறிவர எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் குறித்தார்கள். தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் ஆவணி, புரட்டாதியிலும் அவ்வாறே செய்து பார்த்தார்கள். முடிவில் சிறிய இயந்திரமும் தூவல் குழாய்களும் வாங்கப்பட்டன. எவ்வளவு நேரம் இறைப்பது என்பது பெரியவரின் பொறுப்பு. இயந்திரமும் குழாயும் இளைஞனின் பொறுப்பு. ஒருவரும் தோற்கவில்லை. புதிய விதை, புதிய மருந்து என எது வந்தாலும் இதே முறையைக் கையாளலாம். முழுத் தோட்டத்திலும் வேண்டாம். ஒரு பரப்பில் செய்து பார்த்து, விளைச்சலை எல்லார் முன்னும் நிறுத்துக் காட்டுங்கள்.

தலைவர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கூட்டத்தில் வயதில் குறைந்தவரை முதலில் பேச விடுங்கள். பெரியவர் முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டால், மரியாதையின் பொருட்டுப் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு வேலைக்கும் வரமாட்டார்கள்.

2. பிழையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். முதியவரை இளையவர் முன்னிலையிலோ, மகனை அயலவர் முன்னிலையிலோ கண்டித்தால் அந்தப் புண் ஆற நாளெடுக்கும்.

3. கூலியை வேலைக்குக் கொடுங்கள், வயதுக்கோ ஆண் பெண் என்பதற்கோ அல்ல. புல்லுப் பிடுங்கும் பெண்ணின் நாள் மலிவானதல்ல. இருந்த இடத்திலிருந்து வழிகாட்டும் முதியவருக்கும் ஒரு பங்கை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

4. கணக்கை மாதம் ஒருமுறை எல்லாரும் கேட்க வாசியுங்கள். வயது வித்தியாசத்தால் வந்ததாக நாம் எண்ணும் சண்டைகள் பல, உண்மையில் கணக்குத் தெரியாததால் வந்தவை.

5. முதியவர் சொல்வதை எழுதி வையுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு காணிக்கு அழைத்துச் சென்று, எல்லை, கிணறு, மண், பயிர்க்காலம் எல்லாவற்றையும் பேரப்பிள்ளை எழுதட்டும்.

இந்த ஐந்தாவதைப் பின்போட வேண்டாம். காணி இன்னும் விடப்படாத குடும்பங்களுக்கும் இது பொருந்தும். காணிக்குள் போக முடியாவிட்டால் முற்றத்திலிருந்து படம் கீறுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தவர்களுள் பலர் தம் காணியை மறுபடி காணாமலே கண்மூடிவிட்டார்கள். அவர்களோடு எத்தனை கிணறுகளின் கதையும் போயிற்று! மிஞ்சியிருப்போரிடம் கேட்டறிய எமக்குக் கிடைத்திருக்கும் காலம் குறுகியது. மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசந்து பின்னே இனிக்கும் என்பார்கள். அதை இளையவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும். கேட்டபின் மண்வெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, சற்று விலகி நிற்கப் பெரியவர்களும் பழக வேண்டும்.