கோடை விடுமுறையும் வங்கி மேசையும்

இங்கிலாந்திலே பல்கலைக்கழகங்கள் யூன் மாதத்தில் மூடப்பட்டால், மீண்டும் திறப்பதற்குச் செப்ரெம்பர் இறுதியோ ஒக்ரோபரோ ஆகிவிடும். அந்நீண்ட விடுமுறையைப் பிரயாணத்திலும், சொந்தப் படிப்பிலும், சிறு கூலிவேலைகளிலும் கழிப்பவர் பலர். ஆயினும் பொருளியல், கணிதம், சட்டம் முதலிய துறைகளைக் கற்போரில் ஒரு சாராருக்கு, இறுதியாண்டுக்கு முந்திய கோடைகாலம் விடுமுறையாக அமைவதில்லை. அவர்கள் இலண்டன் மாநகரத்துப் பெரும் முதலீட்டு வங்கிகளில் ஒன்பது பத்து வாரங்கள் பணி பழகச் செல்கின்றனர். இதனை ஆங்கிலத்திலே 'இன்ரேர்ன்ஷிப்' என்பர். தமிழிலே பணிப்பயிற்சி எனலாம். எனினும் பயிற்சி என்னுஞ் சொல் விடயத்தின் பாதியையே உணர்த்தும். மற்றைப் பாதி பரீட்சையாகும்.

முதலீட்டு வங்கி என்றால் நாம் பணம் வைப்பிலிடச் செல்லும் வங்கியன்று. அங்கே கருமபீடமுமில்லை, காசாளருமில்லை. கம்பனிகள் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் விற்று மூலதனந் திரட்ட உதவுதல், ஒரு கம்பனி மற்றொன்றை விலைக்கு வாங்கும்போது ஆலோசனை கூறுதல், பங்குகளையும் நாணயங்களையும் வாங்கி விற்றல் ஆகியனவே அதன் கருமங்கள். இலண்டனில் இத்தொழிலுக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. ஒன்று பழைய நகரப்பகுதி. இத்தாலியின் வடபாலிலிருந்து வந்து கடன் கொடுத்த இலம்பாடியரின் பெயரால் இன்றும் அங்கே ஒரு வீதி வழங்குகிறது. மற்றையது கிழக்கே தேம்ஸ் நதியோரத்துக் கனேரி வார்ஃப். 1802 இல் திறக்கப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையும் மதுவும் இறக்கப்பட்ட துறைமுகம் 1980 இல் மூடப்பட்டது. அந்நிலத்திலே 1991 இல் ஐம்பது மாடிக் கோபுரமொன்று எழுந்தது. சுமைகாவுவோர் நடந்த இடத்தில் இன்று கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் விரைகின்றனர்.

இவ்வாயிலுக்குள் நுழைவது எளிதன்று. கோடையிற் பணி பழக விரும்புவோர் முந்திய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பித்தல் வேண்டும். எண்கணிதத் தேர்வு, கணனி முன்னிருந்து விடையளிக்கும் நேர்முகம், பின்னர் ஒரு நாள் முழுதும் நடைபெறும் மதிப்பீடு எனப் படிகள் பல. இவை எல்லார்க்கும் பொதுவானவை என்பது உண்மையே. ஆயினும் முதலாண்டு மாணவருக்கென 'வசந்த வாரம்' என்றொரு சிறு அறிமுகமும் உண்டு. அதிற் பங்குபற்றியோர்க்குக் கோடைப் பயிற்சிக்கான வழி ஓரளவு இலகுவாகிவிடும். வீட்டிலே இத்தொழிலை அறிந்த பெற்றோர் உள்ள பிள்ளை இதனைப் பல்கலைக்கழகம் புகுமுன்னரே அறிந்திருக்கும். இலண்டனிற் குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போட்டியில் இறங்குகின்றனர். கடையிலும் தொழிற்சாலையிலும் உழைத்துப் படிப்பித்த தந்தைக்கு வங்கியென்பது சம்பளம் வந்துசேரும் இடம் மாத்திரமே. இரண்டாம் ஆண்டிலே விண்ணப்பிக்க எண்ணும் அவர் பிள்ளை, சகமாணவன் முன்னரே உள்ளே சென்று திரும்பிவிட்டான் என்பதை அறிந்து திகைப்பதும் உண்டு.

முதல் வாரம் வகுப்பறையைப் போன்றதே. ஒரு கம்பனியின் பெறுமதியைக் கணிப்பது எவ்வாறு, வரவுசெலவுக் கூற்றை வாசிப்பது எவ்வாறு, எக்செல் அட்டவணையில் சூத்திரங்களை அமைப்பது எவ்வாறு எனக் கற்பிப்பர். அத்துடன் வாயடக்கமுங் கற்பிப்பர். ஒரு கம்பனி விலைபோகப் போகிறது என்னுஞ் செய்தி வெளியே கசிந்தால் பங்கின் விலை ஒரே நாளிற் பாயும். ஆகவே ஒவ்வொரு கருமத்துக்கும் புனைபெயர் சூட்டப்படுகிறது. மின்தூக்கியிலும் புகைவண்டியிலும் உண்மைப் பெயரை உச்சரித்தலாகாது. உள்ளிருந்து பெற்ற அறிவைக்கொண்டு பங்கு வாங்குதல் அந்நாட்டிற் குற்றம். அதற்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இருபது வயது மாணவனுக்கு இது புதிய பாடமே. பல்கலைக்கழகத்தில் அறிந்ததை வெளிப்படுத்தினாற் புள்ளி கிடைக்கும்; இங்கே அறிந்ததை மறைத்தல் கடமையாகிறது.

அடுத்த வாரம் மேசை கிடைக்கும். எந்த மேசை என்பதைப் பொறுத்தே அவனுடைய கோடைகாலம் அமையும். பங்கு வர்த்தகப் பிரிவாயின் இலண்டன் சந்தை காலை 8 மணிக்குத் திறக்குமுன்னரே ஆசனத்தில் இருத்தல் வேண்டும். சந்தை மூடியபின் மாலையில் வீடு திரும்பலாம். கம்பனிகளுக்கு ஆலோசனை கூறும் பிரிவாயின் காலை சற்றுத் தாமதித்து வரலாம். திரும்பும் நேரந்தான் தெரியாது.

அப்பிரிவில் இரவு ஏன் நீள்கிறது? வேலை மிகுதி என்று மட்டுங் கூறினால் விளங்காது. அங்கே அடியில் இருப்பவன் 'அனலிஸ்ற்', அவனுக்கு மேல் 'அசோசியேற்', அதற்கு மேல் 'வைஸ் பிரசிடென்ற்', உச்சியில் 'மனேஜிங் டைரக்டர்'. (வைஸ் பிரசிடென்ற் என்பதை உபதலைவர் எனக் கொண்டு மகிழும் பெற்றோர், அப்பட்டம் முப்பது வயதையடுத்த பலருக்கு வழங்கப்படுவதை அறிந்துகொள்வது நன்று.) உச்சியிலிருப்பவர் பகல் முழுதும் வாடிக்கையாளரைச் சந்தித்துவிட்டு மாலையிலே திரும்பி, ஐம்பது அறுபது பக்க விளக்க ஏட்டைப் பார்வையிட்டுத் திருத்தங்களை எழுதுவார். அத்திருத்தங்கள் படிப்படியாய் இறங்கி அடியை அடையும்போது இரவு ஒன்பது மணியாயிருக்கும். மறுநாட் காலை ஏடு செம்மையாய் இருத்தல் வேண்டும். ஆகவே பகலிற் காத்திருந்தவனுக்கு இரவிலே வேலை தொடங்குகிறது. பயிலுநன் அவ்வேட்டில் எண்களைச் சரிபார்ப்பான். ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து பெறப்பட்டதென அடிக்குறிப்பிடுவான். ஒரு தசமப்புள்ளி இடம்மாறினால் முழு ஏட்டின் நம்பகமும் போகும். இந்தச் செம்மையைப் பழகுதல் மெய்யான பயனே. ஆயினும் அவ்வாறு செம்மை செய்யப்பட்ட ஏடுகளிற் பல, எந்த வியாபாரத்திலும் முடியாமல் அலுமாரிக்குச் செல்கின்றன.

இதனினுங் கடுமையானது வேலையில்லாத இரவு. தனக்குரியதை முடித்தவனும் எழுந்து போவதில்லை. பக்கத்து மேசைக்காரன் இருக்கிறானே என்று இருப்பான். வங்கிகள் தமது புதிய உத்தியோகத்தரிற் பெரும் பகுதியினரை இப்பயிலுநர்களிலிருந்தே தெரிவதனால், அருகிலிருப்பவன் நண்பனுமாவான், போட்டியாளனுமாவான். விடியும்வரை உழைத்தவனை வாடகைக் கார் வீட்டு வாயிலில் இறக்கிவிட்டு, அவன் குளித்து உடைமாற்றி வரும்வரை காத்து நின்று, மீண்டும் வங்கிக்கே கொண்டுசேர்க்கும் வழக்கம் ஒன்று இருந்தது. சிறுவர் தொலைக்காட்சித் தொடரொன்றின் பெயரைக் கொண்டு அதற்கு 'மஜிக் ரவுண்டபவுற்' எனக் கேலிப்பெயரிட்டிருந்தனர்.

2013 ஆகஸ்டில் இக்கேலி அடங்கியது. இலண்டன் வங்கியொன்றிற் பணி பழகிய 21 வயது ஜெர்மனிய மாணவன், பயிற்சி முடியுந் தறுவாயில், தங்குமிடத்துக் குளியலறையில் இறந்து கிடந்தான். தொடர்ச்சியாகப் பல இரவுகள் விழித்து வேலை செய்தான் எனப் பத்திரிகைகள் எழுதின. மரண விசாரணையிலே வலிப்பு நோயே காரணமெனத் தீர்ப்பாயிற்று. களைப்பு அவ்வலிப்பைத் தூண்டியிருக்கலாம், ஆயினும் அவ்வாறெனத் திட்டமாய்க் கூறவியலாது என்றார் விசாரணை அதிகாரி. அவ்வளவே நிறுவப்பட்டது, அதற்கு மேற் கூறுவது நீதியன்று. எனினும் அச்செய்தியைக் கேட்ட வங்கித் தலைவர்கள் தம் மேசைகளைத் திரும்பிப் பார்த்தனர்.

2015 இல் கோல்ட்மன் சாக்ஸ் வங்கி, கோடைப் பயிலுநர் நள்ளிரவு முதற் காலை 7 மணி வரை அலுவலகத்தில் இருத்தலாகாது என விதித்தது. காலை ஏழு முதல் நள்ளிரவு வரை பதினேழு மணித்தியாலம் என்பதைச் சிறுபிள்ளையும் விரல்விட்டு எண்ணும். பாதுகாப்பென விதித்ததே இவ்வளவாயின், பாதுகாப்பின்றி இருந்த காலம் எத்தகையதாயிருக்கும்! அவ்விதி முதலாண்டு உத்தியோகத்தரைக் காக்கவில்லை. 2021 இல் அதே வங்கியின் முதலாண்டினர் பதின்மூவர் தமக்குள்ளே கணக்கெடுத்தபோது, வாரத்துக்குச் சராசரி 95 மணித்தியாலம் உழைத்ததாக வந்தது. ஒரு வாரத்துக்கு 168 மணித்தியாலமே உண்டு. இரவுக்கு ஐந்து மணித்தியாலந் தூங்கினாலும், உண்ணவும் குளிக்கவும் தாயோடு தொலைபேசியிற் பேசவும் எஞ்சியது 38. பின்னர் 2024 இல் ஜே.பி. மோர்கன் வங்கி இளநிலையினருக்கு வாரம் 80 மணித்தியாலம் என்னும் எல்லையை வகுத்தது; அதற்கும் விலக்குகள் உண்டு.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 1998 ஆம் ஆண்டின் வேலைநேர ஒழுங்குவிதிகளின்படி, சராசரியாக வாரத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கலாகாது. ஆனால் தொழிலாளி தானே எழுத்தில் இசைந்தால் அவ்வரம்பு நீங்கும். பயிலுநன் முதல் நாளிற் கையொப்பமிடும் பத்திரக் கட்டிலே அவ்விசைவுத் தாளும் இருப்பது வழக்கம். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அதனை நின்று வாசிப்பவர் சிலரே.

பத்தாம் வாரத்தில் முடிவு தெரியும். ஐந்தாம் வாரத்திலே குறைநிறைகளைக் கூறியிருப்பர்; இப்போது அறையொன்றுக்கு ஒவ்வொருவராய் அழைப்பர். தெரியப்பட்டவன் இறுதியாண்டை முடித்து அடுத்த ஆண்டு வந்துசேரலாம். தெரியப்படாதவன் அதே மாலையிற் பையைத் தூக்கிக்கொண்டு, வேறு வங்கிகளின் விண்ணப்பத் திகதிகளைத் தேடத் தொடங்குகிறான். தெரியப்பட்டவனுக்கு விடையளிக்கச் சில வாரத் தவணை உண்டு. வரும் பத்திரக் கட்டிலே 48 மணித்தியால வரம்பை விலக்கும் தாள் மறுபடியும் இருக்கக்கூடும். அதிற் கையொப்பமிட மறுத்த காரணத்துக்காக ஒருவரைத் தண்டித்தலாகாது என்றும், இட்டவர் உரிய முன்னறிவித்தல் கொடுத்து அதனை மீளப்பெறலாம் என்றும் அந்நாட்டுச் சட்டங் கூறுகிறது.