ஹெட்லைட்டுக்கும் இடம் வலம் உண்டு

இரவு எட்டு மணிக்கு மேல் சென்னை திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலோ ஐஸ் ஹவுஸ் பக்கத்துச் சந்துகளிலோ நடந்தால், எதிரே வரும் கார்களில் சிலவற்றின் வெளிச்சம் ரோட்டில் விழாமல் முகத்தில் விழுகிறது. ஸ்கூட்டரில் வருகிறவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓரங்கட்டுகிறார். "ஹை பீமில் வர்றான் பாரு" என்று ஒரு குரல் எழும். ஆனால் பல கார்களில் அப்போது எரிவது லோ பீம்தான். கோளாறு அந்த ஹெட்லைட்டிலேயே இருக்கிறது. வலப்பக்கமாக வண்டி ஓடும் நாட்டுக்கென்று செய்த விளக்கை, இடப்பக்கமாக ஓடும் நம் ஊர்க் காரில் மாட்டியிருக்கிறார்கள்.

துபாயிலிருந்து உறவினர் கொண்டு வந்தது, ஆன்லைனில் பாதி விலைக்கு வந்தது, பழைய காரிலிருந்து கழற்றியது என்று இந்த விளக்குகள் பல வழியில் வருகின்றன. "அதே மாடல்தானே சார், கச்சிதமா உட்காருது" என்பார் மாட்டிக்கொடுப்பவர். உட்காரும், அதில்தான் ஏமாந்துபோகிறோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்யும் கார்கள் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. அங்கே ஓடும் காரும் இங்கே ஓடும் காரும் பார்வைக்கு ஒன்று. ஸ்டியரிங்கும் ஹெட்லைட்டும் வேறு.

ஒரு விளக்கு, இரண்டு ஆபத்து

லோ பீம் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழாது. நம் நாட்டு விளக்கில் வலப்பாதி தாழ்ந்தே நிற்கும். எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்பதற்காக. இடப்பாதி சுமார் 15 டிகிரி சாய்வாக மேலேறும். இடது ஓரத்தில் நடப்பவரையும், நிறுத்தியிருக்கும் தள்ளுவண்டியையும், படுத்திருக்கும் மாட்டையும் முன்கூட்டியே காட்டுவதற்காக. வலப்பக்கம் ஓடும் நாட்டு விளக்கில் இது தலைகீழ். அதை இங்கே எரித்தால் மேலேறும் ஒளி எதிரே வருகிறவர் கண்ணில் பாயும், இடது ஓரம் இருட்டில் கிடக்கும். நடைபாதை இல்லாத திருவல்லிக்கேணித் தெருக்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் நடப்பது அந்த ஓரத்தில்தான். கண் கூசி நிலை தடுமாறுபவர் ஒருவர், ஓட்டுநர் கண்ணுக்கே படாமல் அடிபடுபவர் இன்னொருவர்.

1967 செப்டம்பர் 3 அன்று ஸ்வீடன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, வண்டிகளின் ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு நாடே கவனித்துச் செய்த வேலை அது. நாமோ ஒரே ஒரு விளக்கு வாங்கும்போதுகூடப் பார்ப்பதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் அம்புக்குறி. ஹெட்லைட் கண்ணாடியில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அது ஐ.நா. வாகன விதிகளின்படி ஒப்புதல் பெற்றதற்கான குறி. அதன் அருகே கிடைமட்டமாக அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு முன்னால் நின்று விளக்கைப் பார்க்கும்போது அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால் அது இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கான விளக்கு, நமக்கு ஏற்றது. இரு முனையும் அம்பாக இருந்தால் இரண்டு வகை நாட்டுக்கும் மாற்றி அமைக்கக்கூடியது. 'ஈ' குறி இருந்து அம்பு இல்லையென்றால் வலப்பக்கம் ஓடும் நாட்டுக்கானது, வாங்காதீர்கள். 'டி.ஓ.டி.' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது அமெரிக்கச் சந்தைக்கானது, அதையும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, பெட்டியின் மேலுள்ள எழுத்துகள். 'எல்.எச்.', 'ஆர்.எச்.' என்பவை காரின் இடது விளக்கா வலது விளக்கா என்பதை மட்டும் சொல்பவை. எந்த நாட்டுக்கானது என்பதை அவை சொல்லாது. 'ஆர்.எச்.டி.' என்றால் வலப்பக்க ஸ்டியரிங், அதாவது நம் கார். 'எல்.எச்.டி.' என்றால் இடப்பக்க ஸ்டியரிங், வெளிநாட்டுக் கார். இந்த இரண்டு ஜோடி எழுத்துகளையும் குழப்பிக்கொண்டு பணத்தைத் தொலைப்பவர்கள் நிறைய. ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

மூன்றாவது, ஆர்.சி. புத்தகம். கம்பெனி டீலரின் உதிரிபாகக் கவுன்டருக்கு ஆர்.சி.யோடு போய், அதிலுள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் கொடுங்கள். உங்கள் காருக்குரிய பாகத்தின் எண் அதிலிருந்து கிடைத்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்குவது உங்கள் விருப்பம். எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில்லில் கார் மாடல், ஆண்டு, பாக எண், 'ஆர்.எச்.டி.' நான்கும் எழுதியிருக்க வேண்டும். துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தால் பிறகு வழக்குப் போட முடியாமல் திண்டாடுவீர்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு

சமதளமான இடத்தில் சுவருக்கு நேராக, விளக்குக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இடைவெளி விட்டுக் காரை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டி லோ பீமைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு பொதுவாக டேப்புக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் மேலேறலாம். வலப்பக்கம் ஏறினால் விளக்கு தவறானது. இடமில்லாதவர்கள் பீம் செட்டர் கருவி உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

விளிம்பு சற்று மேலே கீழே இருந்தால் விளக்கின் பின்னாலுள்ள ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் வலப்பக்கம் ஏறும் விளக்கை எந்த ஸ்க்ரூவும் இடப்பக்க விளக்காக்காது. டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை உள்ள உருளையும் ஆக்காது. சுமை ஏற்றும்போது ஒளியைத் தாழ்த்துவதற்குத்தான் அது இருக்கிறது. கழற்றிவிட்டுச் சரியானதை மாட்டுவதுதான் ஒரே வழி. ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் இதே தவறு. ஒளி கிளம்பும் புள்ளி மாறி, வெளிச்சத்தின் விளிம்பே கலைந்துபோகும்.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி தெளிவாகவே இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. மீறும் உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாட்டிக்கொடுத்த கடைக்காரர் அந்த அபராதத்தைக் கட்ட வரமாட்டார்.

விதி இருந்து என்ன பயன்? அவ்வப்போது வண்டிகளை மறித்து ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதோடு போலீஸ் வேலை முடிந்துவிடுகிறது. ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் குறைக்கும், சாய்வை மாற்றாது. அதை ஒட்டும் நேரத்தில் அம்புக்குறியைப் பார்த்துவிடலாம். வாடகைக் கார்கள் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வருகின்றன. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மட்டும் ஆய்வு ஆகாது. எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதையும் பார்க்கச் சொல்லிப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.

தவறான விளக்கை விற்றவர் திரும்ப எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், விளக்கின் குறி தெரியும் படம், சுவரில் விழுந்த வெளிச்சத்தின் படம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

வெளிநாட்டில் ஓட்டுபவர்களுக்கு

போகும் நாட்டில் வாடகைக்கு எடுக்கும் காரின் விளக்கு அந்த நாட்டுக்குரியதாகவே இருக்கும். உங்களுக்குத் தேவை சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 4ஏ படிவத்தோடு ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் நகல்களைக் கொடுத்து 1,000 ரூபாய் கட்டணம் கட்டினால் கிடைக்கும், ஓராண்டுக்குச் செல்லும்.

சொந்தக் காரை எல்லை தாண்டி ஓட்டினால்தான் விளக்கை மாற்ற வேண்டும். நேபாளம், பூடான் இரண்டும் நம்மைப் போலவே இடப்பக்கம், மியான்மர் வலப்பக்கம். லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் கார் எடுத்துக்கொண்டு பாரிஸ் லா ஷாப்பேலுக்குப் போகிறார்கள். பிரான்ஸில் வண்டி வலப்பக்கம் ஓடுவதால், அங்குள்ள கலேயில் இறங்கி ஓட்டத் தொடங்குவதற்கு முன், விளக்கின் குறிப்பிட்ட இடத்தில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சில கார்களில் ஒரு நெம்புகோலோ திரையில் ஒரு செட்டிங்கோ இருக்கும். கையேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். லண்டன் திரும்பியதும் ஸ்டிக்கரைக் கட்டாயம் உரிக்க வேண்டும்.  மறந்தால் அங்கும் இதே ஆபத்துதான்.

மறுபடியும் சொல்கிறேன்: விளக்கு காரில் கச்சிதமாக உட்காருவதை வைத்து அது சரியான விளக்கு என்று முடிவு செய்யாதீர்கள். இன்று இரவு காரை எடுக்குமுன் முன்னால் போய் நின்று அந்த அம்புக்குறியைப் பாருங்கள். அது சரியில்லை என்றால், சரியான விளக்கு மாட்டும்வரை இரவில் அந்தக் காரை எடுக்காதீர்கள்.