சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே மூன்றடி

சென்னையில் ஃபிளாட் பார்க்கப் போகிற குடும்பம் ஹாலில் நின்று சோபா எங்கே, டி.வி. எங்கே என்று பேசும். படுக்கையறையில் கட்டில் போட்ட பிறகு பீரோவுக்கு இடம் இருக்குமா என்று அடி வைத்து அளக்கும். கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கக் கீழே இறங்கிப் போகும். சமையலறையில் மட்டும் தலையை நீட்டி, ஜன்னல் இருக்கிறது, யுடிலிட்டி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு திரும்பிவிடும். அடுத்த இருபது வருடங்களுக்கு தினமும் மூன்று மணி நேரமாவது ஒருவர் நின்று வேலை செய்யப்போகிற அறை அது.

வீடு கைக்கு வந்ததும் மாடுலர் கிச்சன் போடுகிறவர் படங்களோடு வந்து உட்காருவார். "எல் ஷேப்பா மேடம், யூ ஷேப்பா, பேரலலா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் முன் வீட்டில் சமைப்பவர் இன்னொன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே, எந்தப் பொருளும் நிரந்தரமாக உட்காராத வெறும் மேடை எத்தனை அடி கிடைக்கும்? 3 அடி கிடைக்கிற எந்த அமைப்பும் நல்ல அமைப்பு. ஒன்றரை அடிதான் மிஞ்சுகிறது என்றால், எத்தனை லட்சம் செலவழித்தாலும் அந்தச் சமையலறை அடைசலாகத்தான் இருக்கும்.

நம் சமையலில் அடுப்பு முன்னால் நிற்பதைவிடத் தண்ணீர்ப் பக்கம் நிற்பதே அதிகம். ஒரு கீரை மசியலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைப் பிரித்து, வேரை நறுக்கிப் போட்டு, பழுத்த இலையை ஆய்ந்து எடுக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கீரையை முக்கி எடுத்தால் அடியில் மண் தங்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் பிடித்து அலச வேண்டும், மண் தட்டுப்படாமல் போகும் வரைக்கும். பிறகு வடிதட்டில் போட்டுச் சொட்டச் சொட்ட வைத்து, அள்ளி நறுக்கி, அதன் பிறகுதான் அடுப்பு. அடுப்பில் அது வேக ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். இதற்குள் அந்தப் பக்கம் களைந்த அரிசி ஊறிக்கொண்டிருக்கும், கிண்ணத்தில் புளி கரையக் காத்திருக்கும், குக்கரில் போட வேண்டிய பருப்பு ஒரு தட்டில் இருக்கும். இத்தனைக்கும் இடம் சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவேதான் வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் பலருக்கு சிங்க் இடப்புறம், நறுக்குவது நடுவில், அடுப்பு வலப்புறம் என்று வேலை நகர்வது சுலபமாக இருக்கும். இடக்கைக்காரர் என்றால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சிங்க் ஒரு சுவரிலும் அடுப்பு எதிர்ச் சுவரிலும் போய்விட்டால், சொட்டும் வடிதட்டோடு குறுக்கே திரும்ப வேண்டியிருக்கும். தரை நாள் முழுக்க ஈரம். வழுவழுப்பான டைல்ஸில் வயதானவர்கள் வழுக்கி விழ அது போதும்.

சமையலறையை வேலையின் வழியாக யோசிக்கத் தொடங்கி நூறு வருடம் ஆகிவிட்டது. 1926இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் எழும்பியபோது, மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அவற்றுக்கு ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் மிகச் சிறிய இடத்திலேயே பலருக்குச் சமைக்கும் முறையை அவர் கூர்ந்து பார்த்திருந்தார். வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு நேரே நறுக்கும் மேசை, அதிலேயே கழிவைத் தள்ளிவிட ஓர் இழுப்பறை, உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் முக்காலி எல்லாம் வைத்தார். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அந்தச் சமையலறை பொருத்தப்பட்டது. ஜன்னல் வெளிச்சத்தை அடுப்புக்கும் அலமாரிக்கும் தராமல் நறுக்குமிடத்துக்குத் தந்தாரே, அந்த ஒரு முடிவுக்காகவே நான் அவரை வணங்குவேன். நம் ஃபிளாட்டுகளில் ஜன்னலடியில் பெரும்பாலும் மைக்ரோவேவ் உட்கார்ந்திருக்கிறது.

அதன் பிறகு அமெரிக்காவில் வந்தது முக்கோணக் கணக்கு. ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றையும் இணைத்துக் கோடு போட்டால் ஒவ்வொரு கோடும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும், மூன்றையும் கூட்டினால் 26 அடியைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகம் செய்த ஆய்வுகளோடு அது பரவியது. நம் ஊர் மாடுலர் கிச்சன் விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. ஆனால் அந்த விதி கவலைப்பட்டது தூரத்தைப் பற்றி. பெரிய சமையலறையில் வீணாக நடக்கிறார்களே என்பதுதான் அங்கே பிரச்சினை. 8 அடிக்கு 7 அடி சமையலறையில் யாரும் வீணாக நடக்க முடியாது. இங்கே பிரச்சினை நெரிசல். தேசியக் கட்டட விதித் தொகுப்பு சமையலறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவே 5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 54 சதுர அடி. அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. பல ஃபிளாட்டுகளின் சமையலறை இந்த எல்லைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது.

இனி வடிவங்களுக்கு வருவோம். அதே 8க்கு 7 அறையில் ஒரே சுவரை ஒட்டி 8 அடி மேடை மட்டும் போட்டால் சிங்குக்கு 2 அடி, அடுப்புக்கு இரண்டரை அடி, கழுவிய பாத்திரக் கூடைக்கு ஒன்றரை அடி போய்விடும். மிச்சம் 2 அடி. அதிலும் மிக்ஸி வந்து உட்கார்ந்துகொள்ளும். இருவர் மட்டும் உள்ள, மதியம் வெளியே சாப்பிடுகிற வீட்டுக்கு இது போதும். குழந்தையும் பெரியவர்களும் இருக்கிற வீட்டுக்குப் போதாது.

எல் வடிவத்தில் நீளப் பக்கம் 8 அடியும் பக்கச் சுவரில் 5 அடியும் கிடைக்கும். எதையெல்லாம் மூலைக்குத் தள்ளுகிறோம் என்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. மூலை மேடை 2 அடிக்கு 2 அடி ஆழமானது. அங்கே நின்று வேலை செய்ய முடியாது, கை எட்டாது. மிக்ஸியும் எண்ணெய்த் தூக்கும் உப்பு ஜாடியும் அங்கே போகட்டும். சிங்கை மூலைக்கு நெருக்கமாக வைத்தால் பாத்திரம் துலக்கும்போது முழங்கை சுவரில் இடிக்கும். மூலைக்குக் கீழே இருக்கும் அலமாரிக்கு, இழுத்தால் வெளியே வரும் கம்பித் தட்டுகளை நல்ல விலைக்கு விற்பார்கள். பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற பெரிய பாத்திரங்களை அந்த மூலையில் அடுக்கிவிட்டு அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

யூ வடிவம் படத்தில் நிறைவாகத் தெரியும். 7 அடி அகல அறையில் இரண்டு பக்கமும் 2 அடி மேடை போட்டால் நடுவில் மிஞ்சுவது 3 அடி. ஒருவர் குனிந்து கீழ் டிராயரை இழுத்தால் இன்னொருவர் பின்னால் போக வழியில்லை. மாமியார் தோசை வார்க்க, மருமகள் சட்னி அரைக்க, இடையில் பள்ளிக்குக் கிளம்புகிற பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு வரும் காலை 7 மணியை அந்த 3 அடி தாங்காது. ஒருவர் மட்டும் சமைக்கும் சமையலறையில் மேடைகளுக்கு நடுவே மூன்றரை அடி வேண்டும், இருவர் என்றால் 4 அடி. அறை 8 அடி அகலமாவது இருந்தால்தான் யூ.

நம் ஃபிளாட்டுகளுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது எதிரெதிர் மேடைகள். காரணம் கட்டட அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு முனையில் ஹாலிலிருந்து நுழையும் வழி, மறுமுனையில் யுடிலிட்டிக் கதவு என்றுதான் பெரும்பாலான வரைபடங்கள் இருக்கின்றன. எல், யூ இரண்டுமே அந்தக் கதவு வந்த இடத்தில் முறிந்துபோகும். எதிரெதிர் மேடையில் சிங்க், வெறும் மேடை, அடுப்பு மூன்றும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இது கட்டாயம். எதிர்ப் பக்கத்து மேடைக்கு 2 அடி அகலம் தேவையில்லை. ஒன்றரை அடி போதும். மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, அஞ்சறைப்பெட்டி, டிபன் டப்பா கட்டுகிற இடம் எல்லாம் அதில் அடங்கும். நடைவழி மூன்றரை அடியாகிவிடும். ஃபிரிட்ஜை நுழைவாயில் ஓரமாக வைத்தால் தண்ணீருக்கும் தயிருக்கும் வருகிறவர்கள் சமைப்பவரை இடிக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

படம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிற ஒரு பொருள் கிரைண்டர். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரைப் படத்தில் எங்கேயும் காட்டமாட்டார்கள். மேசை மேல் வைக்கிற சின்ன ரகமே 10 கிலோவைத் தாண்டும். அதைக் கீழ் அலமாரியில் வைத்து வாரம் இரண்டு முறை தூக்கச் சொல்வது இடுப்புக்குச் செய்யும் கொடுமை. யுடிலிட்டியில், குழாய்க்குப் பக்கத்தில், தரையிலிருந்து 2 அடி உயரத்தில் ஒரு கடப்பா கல் பலகை பதித்து, அதற்கு மேலே பிளக் பாயின்ட் வைத்துவிட்டால் கிரைண்டர் நகரவே வேண்டாம். மாவு வழிக்கும்போது குனிந்து பார்க்க அந்த உயரம்தான் வசதி. கேன் தண்ணீர் வாங்குகிற வீடு என்றால் 20 லிட்டர் கேனுக்கும் அதே போல் தாழ்வான ஓர் இடம் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

மேடை உயரம் பற்றி அனுபவமுள்ள ஓர் ஆசாரி செய்ததைப் பார்த்திருக்கிறேன். டேப்பை எடுப்பதற்கு முன் வீட்டு அம்மாவைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். "செருப்பில்லாம நில்லுங்கம்மா. தோசை வார்க்கிற மாதிரி கையை மடக்குங்க." முழங்கைக்கு நேரே சுவரில் பென்சிலால் ஒரு கோடு. அதற்கு ஐந்து அங்குலம் கீழே இன்னொரு கோடு. "நறுக்குற மேடை இது. அடுப்பு வைக்கிற எடத்தை இன்னும் மூணு அங்குலம் எறக்கிடறேன்." அவ்வளவுதான் கணக்கு. 5 அடி உயரமுள்ளவருக்கு நறுக்கும் மேடை ஏறத்தாழ 32 அங்குலத்தில் வரும். பில்டர் போட்டுத் தருவது பெரும்பாலும் 33, 34 அங்குலம். அதன் மேல் ஸ்டவ், ஸ்டவ்வின் மேல் குக்கர் என்று ஏறினால் தோளைத் தூக்கிக்கொண்டே கிளற வேண்டும். தோள்பட்டை வலிக்கு மாத்திரை போடுகிற பல பெண்களின் வீட்டில் மேடையை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சிலிண்டருக்கு அழகைவிட விதிதான் முக்கியம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் 14.2 கிலோ சிலிண்டரை மேடைக்குக் கீழ் மூடுகிற கதவில், அடிப்பக்கமாகக் காற்றுத் துளைகள் இருந்தே ஆக வேண்டும். ரப்பர் ஹோஸ் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. அடுப்பின் இடத்தை முடிவு செய்யும்போதே சிலிண்டரின் இடமும் முடிவாகிவிடுகிறது. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே போகும். அதற்கு உயரத்தில் காற்றுவழி வேண்டும். ஜன்னலுக்கு நேர் கீழே அடுப்பு வேண்டாம், காற்றில் அணையும்.

ஓப்பன் கிச்சன் கேட்கிறவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. ஹாலில் எல்லோரும் சிரித்துப் பேச, சமைப்பவர் மட்டும் சுவருக்குப் பின்னால் தனியாக நிற்பது நியாயமில்லை. ஆனால் காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடியை எந்தச் சிம்னியும் முழுதாக இழுத்துவிடாது. குழாய் வளைய வளைய அதன் இழுவை குறையும். சுவரை எடுத்துவிடுவதற்குப் பதிலாக, நறுக்கும் மேடைக்கு எதிரே இடுப்புக்கு மேல் ஒரு திறப்பு வைத்து, தள்ளுகிற கண்ணாடி போடலாம். பேச்சும் கேட்கும், தாளிக்கும்போது மூடியும் கொள்ளலாம். எதை வெட்டும் முன்பும் அந்தச் சுவர் என்ன சுவர் என்று கேளுங்கள். அலுமினிய அச்சில் கான்கிரீட் ஊற்றி எழுப்புகிற புதிய அடுக்குமாடிகளில் உள்சுவரும் கட்டடத்தைத் தாங்குகிற சுவராக இருக்கலாம். அதில் கை வைக்கக் கூடாது.

வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இதில் சிக்கல் வராது. தென்கிழக்கில் அடுப்பு, கிழக்கு பார்த்துச் சமையல் என்பது அவர்கள் கேட்பது. நெருப்பும் தண்ணீரும் ஒட்டி இருக்கக் கூடாது என்றும் சொல்வார்கள். அடுப்பை முதலில் நிறுத்திவிட்டு, சிங்கை அதிலிருந்து 3 அடி தள்ளி வையுங்கள். அவர்களுக்கும் திருப்தி, கீரைக்கும் இடம்.

சிங்குக்குக் கீழே பிளைவுட் வேண்டாம். எந்தத் தரமானாலும் ஈரமும் கரப்பானும் வென்றுவிடும். கடப்பா கல் தட்டும் அலுமினியக் கதவும் போதும்.

யுடிலிட்டியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பாத்திரம் துலக்க வருகிற அக்கா நிற்கும் இடம் அது. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் அவர் வேலை செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நின்றபடி துலக்க ஆழமான ஒரு சிங்க், பக்கத்தில் கவிழ்த்து வைக்க 2 அடி மேடை, தலைக்கு மேல் ஒரு விளக்கு. இந்த மூன்றும் அங்கே வந்துவிட்டால் உள்ளே இருக்கும் சிங்க் காய்கறிக்கும் அரிசிக்கும் மட்டும் என்றாகிவிடும். கழுவிய பாத்திரக் கூடையும் வெளியே போய்விடும். நீங்கள் தேடிய 3 அடியில் பாதி அந்தக் கூடை காலி செய்த இடத்திலேயே கிடைக்கும்.

இதையெல்லாம் பில்டரிடம் சொல்ல வேண்டிய நேரம், செங்கல் சுவர் எழும்பி, குழாய் பதிக்கச் சுவரை வெட்டத் தொடங்குவதற்கு முன்னால். சிங்கின் கழிவுநீர் எந்தக் குழாயில் இறங்குகிறது, அதை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்று பிளம்பரிடம் கேளுங்கள். கழிவுக்குச் சரிவு வேண்டும், தூரம் கூடக் கூட அடைப்பும் கூடும். தரையில் சாக்பீஸால் மேடைகளை வரைந்து, வீட்டில் சமைப்பவர் நடுவில் நின்று ஒரு வேளைச் சமையலை வெறுங்கையால் செய்து பார்க்கட்டும். குனிந்து, திரும்பி, நறுக்கி, வடித்து. முழங்கை எங்கே இடிக்கிறது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்ட பிறகு எல் ஷேப்பா, யூ ஷேப்பா என்று அந்தப் படப் புத்தகத்தைத் திறக்கலாம்.