பிரம்பிலிருந்து மாற்றுச் சான்றிதழுக்கு: பள்ளித் தண்டனை முறைகளும் தென்காசி வட்டார மாணவர்களும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உடல்சார் தண்டனை விதியளவில் விலக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனினும், மாணவரை வகுப்பிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலக்கும் நடவடிக்கைகளுக்கு இன்றும் ஆதரவு உள்ளது. வெளியேற்றத்திற்கு எதிரான சட்டப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதையும், அதனால் முதல் தலைமுறைக் கற்போர் அடையக்கூடிய இழப்பையும் தென்காசி மாவட்டச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடல்சார் தண்டனை, ஒழுங்கு நடவடிக்கை, மாற்றுச் சான்றிதழ், இடைநிற்றல், தென்காசி.

முன்னுரை

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியும், ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று பெற்றோர் ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கும் தண்டனையைக் கல்வியின் ஓர் உறுப்பாகக் கருதிய மனப்பாங்கைக் காட்டுவன. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியின் ஆட்சியர் ஏ.டி. காம்ப்பெல், 1823ஆம் ஆண்டு அறிக்கையில் நாட்டுப்புறப் பள்ளிகளின் காலை நடைமுறை ஒன்றைப் பதிவுசெய்துள்ளார். முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடும். தாமதத்தின் காரணம் இங்கு வினவப்படுவதில்லை. வந்த வரிசையே அடியின் அளவை முடிவுசெய்கிறது. காரணம் கேளாமை என்னும் இப்பண்பே பிற்காலத் தண்டனை முறைகளை மதிப்பிடவும் உரிய அளவுகோலாகிறது.

சட்டத்தின் போக்கு

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி, ஒழுக்கக்கேடான செயல்களுக்குத் தலைமையாசிரியராலோ அவரது மேற்பார்வையிலோ கையில் ஆறு அடிகள் வரை கொடுக்க இடமளித்திருந்தது. 2003இல் அவ்விதி திருத்தப்பட்டு, உடலுக்கோ மனத்திற்கோ துன்பம் தராத திருத்த முறைகளே ஏற்கப்பட்டன. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17ஆம் பிரிவில் உடல்சார் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், உடல்சார் தண்டனையை ஒழிப்பதற்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களைச் செயற்படுத்துமாறு மாநில அரசைப் பணித்தது. திருத்தத்திற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் இத்தகைய ஆணை தேவைப்பட்டமை விதிக்கும் வழக்கத்திற்கும் உள்ள தொலைவைப் புலப்படுத்துகிறது.

விலக்கல் என்னும் தண்டனை

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி நிறைவுறும்வரை எக்குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், தேர்ச்சி பெறாதோரை 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க இடமளித்தபோதும் வெளியேற்றத் தடையை நீக்கவில்லை. ஆயின் இச்சட்டத்தில் ‘குழந்தை’ என்பது 6 முதல் 14 வயதுக்குட்பட்டோரையே குறிக்கும். ‘தொடக்கக் கல்வி’ எட்டாம் வகுப்போடு முடியும். ஒன்பதாம் வகுப்பில் நுழையும் மாணவர் இப்பாதுகாப்பின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். குடும்பத்தின் பொருள்தேவை அவரை வேலைக்கு அழைப்பதும், பள்ளியோடு முரண்பாடுகள் கூர்மையடைவதும் பெரும்பாலும் இப்பருவத்தில்தான்.

மாணவர் சிலர் ஆசிரியரிடம் தகாத முறையில் நடந்துகொண்ட காணொளிகள் பரவிய சூழலில், 2022 மே மாதம் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர், அத்தகையோர் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவர் என்றும், நீக்கத்தின் காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிக்கப்படும் என்றும் அறிவித்தார். பிரம்படியின் தழும்பு ஆறக்கூடும். சான்றிதழில் எழுதப்படும் குறிப்போ அடுத்த பள்ளியின் வாயில்வரை மாணவரைத் தொடர்ந்துசெல்லும்.

இத்தகைய கடுமை பயன் தருமா என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒரு சான்று. அங்கு 1994இல் இயற்றப்பட்ட துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டத்தையொட்டிச் ‘சிறிதும் பொறுத்துக்கொள்ளாமை’ என்னும் கொள்கை பரவி, சிறு பிழைகளுக்கும் இடைநீக்கம் விதிக்கப்பட்டது. அமெரிக்க உளவியல் கழகத்தின் பணிக்குழு 2008இல் வெளியிட்ட அறிக்கை, இக்கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பானவையாக மாறியதற்குச் சான்றில்லை என்றும், இடைநீக்கம் பிற்கால இடைநிற்றலோடு தொடர்புடையது என்றும் கண்டது.

தென்காசிச் சூழல்

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் வேளாண் கூலி, பீடி சுற்றுதல், நெசவு ஆகியன பல குடும்பங்களின் வாழ்வாதாரம். குற்றாலம், ஐந்தருவிப் பகுதியில் சிறுகடைக்காரர், விடுதித் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் வருவாய் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தையே பெரிதும் சார்ந்தது. பள்ளியாண்டு தொடங்கும் காலமும் அதுவே. குடும்பத்தின் உழைப்பு மிகும் இம்மாதங்களில் தாமதமாக வரும் மாணவரைக் காரணம் கேளாது வாயிலில் நிறுத்திவைத்தால், அவர் முதற்பாடத்தை இழக்கிறார்; மறுநாள் வராமலிருக்கவும் அது தூண்டும். வருகையை மேம்படுத்த எண்ணிய விதி வருகையைக் குறைக்கும் முரண் இதிலுள்ளது.

தென்மாவட்டங்களுக்குரிய மற்றொரு சிக்கல் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் தம் வீட்டில் சக மாணவர்களால் வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் குறிக்கும் கைக்கயிறுகளைத் தடைசெய்வதோடு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி ஒட்டுகளை நீக்கவும், பள்ளி நல அலுவலர்களை அமர்த்தவும் அக்குழு பரிந்துரைத்தது. மாணவரின் கயிற்றை அறுப்பது மட்டும் போதாது, நிறுவனமும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது இப்பரிந்துரைகளின் உட்கருத்தாகும்.

ஆசிரியர் நிலை

ஆசிரியரின் பாதுகாப்பும் மதிப்பும் புறக்கணிக்கத்தக்கவையல்ல. 17ஆம் பிரிவை மீறுவோர் பணிவிதிகளின்படி நடவடிக்கைக்கு ஆளாவர். பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு, அதற்கு ஈடாக ஒவ்வொரு பள்ளிக்கும் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரை வழங்கவில்லை. இவ்வெற்றிடத்தில், வெளியேற்றமே எஞ்சிய ஒரே கருவியாக ஆசிரியருக்குத் தோன்றுவது இயல்பு.

முடிவுரை

தண்டனையின் களம் உடலிலிருந்து பதிவேட்டுக்கு இடம்பெயரும்போது அதன் வலி கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. நடவடிக்கைக்கு முன் காரணத்தைக் கேட்டு எழுத்தில் பதிதல், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் நடத்தை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வழங்குவதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஆய்வுக்கு உட்படுத்துதல், சான்றிதழில் நடத்தைக் குறிப்பு எழுதுவதைத் தவிர்த்தல் ஆகியன உடனடித் தேவைகள். ஆய்வாளருக்கும் இதில் கடமை உண்டு. இடைநிற்றலை வறுமையின் விளைவாக மட்டும் எண்ணாமல், ஒழுங்கு நடவடிக்கைக்குப் பின் விலகியோரை மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேடுகளின் துணைகொண்டு பிரித்தறிய வேண்டும். தாமாக நின்றோர் என எண்ணப்படுவோருள் பள்ளியால் நிறுத்தப்பட்டோர் எத்துணையர் என்பது அவ்வாய்விலேயே தெளிவாகும்.