வீட்டுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

ஏப்ரல் கடைசியில் தேர்வுகள் முடிந்ததும் கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சென்னைக்கு ஒரு கூட்டம் கிளம்பும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த பிள்ளைகள், மாறுதல் ஆர்டர் வாங்கிய அரசு ஊழியர்கள், மகளின் கல்லூரிக்காக வீட்டையே பெயர்த்துக்கொண்டு வரும் குடும்பங்கள். ஜூனில் பள்ளி, கல்லூரி திறப்பதற்குள் வீடு பார்த்து, பால் காய்ச்சி, கேஸ் இணைப்பு மாற்றி முடிக்க வேண்டும். அதுவும் கத்திரி வெயிலில்.

வருகிறவர்கள் முதலில் வாடகையைக் கேட்கிறார்கள். அப்புறம் ஆபீஸ் எவ்வளவு தூரம், அப்புறம் எத்தனை அறை. தண்ணீரைப் பற்றிய கேள்வி கடைசியில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பதாக இருக்கிறது. அதற்குப் புரோக்கரிடம் ஒரே பதில்தான்: "தண்ணி கஷ்டமே கிடையாது சார், இருபத்துநாலு மணி நேரமும் வரும்." வரும், உண்மைதான். எங்கிருந்து வருகிறது, யார் காசில் வருகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சென்னையில் நீங்கள் குடிக்கப்போகும் தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் ஊர்த் தண்ணீர். காட்டுமன்னார்கோயில் பக்கம் பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து ஒரு குழாய் சென்னைக்குப் போகிறது. ஏரித் தண்ணீரைச் சேத்தியாத்தோப்பில் இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, காடாம்புலியூர் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து தானாகவே சரிவில் இறங்கி, இருநூறு கிலோமீட்டர் வாக்கில் ஓடி, போரூருக்கு வந்து சேர்கிறது. 2004இல் ஓடத் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அளவு ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். அதற்கு முன்னால் ஒரு வீராணம் திட்டம் தொடங்கிப் பாதியில் நின்றுபோனதும், பெரிய பெரிய குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்ததும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் விட்டால்தான் ஏரி நிறையும். மேட்டூர் அணையில் இல்லையென்றால் ஏரியிலும் இல்லை. கோடை முற்றும் நேரத்தில் ஏரி வற்றிப்போவது இதனால்தான். அப்போது நெய்வேலிப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளும் சுரங்கத் தண்ணீரும் கைகொடுக்கும். நெய்வேலி மின்சாரமும் இங்கே வருகிறது, பண்ருட்டிப் பலாவும் கோயம்பேட்டில் வந்து இறங்குகிறது. உங்களுக்கு முன்பே உங்கள் மாவட்டம் இங்கே குடிவந்தாயிற்று.

நம் பக்கத்துக்காரர் ஒருவர் சின்ன வயதில் வந்து குடியேறிய தெருவும் தண்ணீர் கொண்டு பெயர் பெற்ற பேட்டையில்தான் இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்தார். கும்பெனிக் கோட்டைக்கு நீர் கொடுக்க வெட்டிய கிணறுகள்தான் அந்த ஏழுகிணறு. 1858 வாக்கில் அவர் பட்டணத்தை விட்டுத் தெற்கே திரும்பிவிட்டார். தண்ணீருக்காக இல்லை, அது வேறு கதை.

இனி தெருவுக்கு வருவோம். சென்னையில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் நான்கு வழியில் வரும். மெட்ரோ வாட்டர் குழாய், வீட்டு போர், டேங்கர் லாரி, இருபது லிட்டர் கேன். பழைய பேட்டைகளில் மெட்ரோ தண்ணீர் நாள் விட்டு ஒரு நாள், சில மணி நேரம் மட்டும் வரும். வாசலில் அடி பம்பு வைத்து அடித்துக் குடத்தில் பிடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புதிய புறநகர்களில் பல தெருக்களுக்குக் குழாயே போகவில்லை. அங்கே போர் தண்ணீரும் லாரியும்தான் கதி. கடலோரம் என்றால் போர் உப்புக் கரிக்கும். தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே வீடு பார்க்கப் போனால் நேரே குளியலறைக்குள் போங்கள். குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். டைல்ஸில் வெள்ளைப் படிவமும், குழாய் முனையில் சுண்ணாம்புக் கட்டியும், பக்கெட் அடியில் காவிக் கறையும் இருந்தால் அது போர் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, துணி பழுக்கும். பிறகு சம்ப் மூடியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வீட்டுக்கு அந்த ஒரு சம்ப், மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள், போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள், அந்தக் காசு மெயின்டெனன்ஸில் சேர்ந்ததா தனியா? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலை வீட்டு ஓனரிடம் வாங்காதீர்கள். மாடியில் குடியிருக்கும் அக்காவிடம் கேளுங்கள், வருஷக் கணக்கையே ஒப்பிப்பார்.

கோடையில் வீடு பார்ப்பதில் ஒரு லாபம், தண்ணீர் விஷயத்தில் அந்த வீட்டின் மோசமான முகத்தையே பார்த்துவிடுகிறீர்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது: ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். அந்த வருடம் இந்தத் தெருவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

ஆனால் மே மாத வெயில் இன்னொன்றை மறைத்துவிடும். காய்ந்து கிடக்கும் காலி மனை நவம்பரில் குளமாகுமா என்பது இப்போது தெரியாது. 2015 நவம்பரில் கடலூர் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். அடுத்த மாதமே சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் அதே கதி. தரைத்தளம் என்றால் சுவரில் இடுப்பு உயரத்தில் புதிதாகப் பூசிய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தெருமுனை டீக்கடைக்காரரிடம் "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?" என்று கேட்டால் கையை வைத்தே காட்டுவார்.

எந்தப் பக்கம் தங்குவது? வாரக் கடைசியில் ஊருக்குப் போவேன் என்றால் தெற்குப் புறநகர்தான் வசதி. தெற்கே போகும் அரசுப் பேருந்துகளில் பெரும்பாலானவை 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. சோழன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்று திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் வழியாகப் போகிறது. வடசென்னையில் வீடு எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை கிளாம்பாக்கம் போகப் பாருங்கள், ஊருக்குப் போகும் பாதி நேரம் நகரத்துக்குள்ளேயே கழிந்துவிடும். தினப்படிக்கு கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில்தான் மலிவு. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஸ்டேஷன் இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் டிக்கெட் இலவசம். முகப்பில் பிங்க் நிறம் அடித்த பேருந்தாகப் பார்த்து ஏறுங்கள்.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது உண்டு. ஆனாலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று இங்கேயும் வரும், கடற்கரையை விட்டு மேற்கே போகப் போகத் தாமதமாக வரும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் போர்ஷன் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இரவு பத்து மணிக்குத் தெரியும், சுவரைத் தொட்டால் சுடும். ஏர் கூலர் வாங்காதீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த ஊரில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். வீடு அமையும்வரை திருவல்லிக்கேணி மேன்ஷனோ ஹாஸ்டலோ போதும். சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கிறது, 2013இல் தொடங்கும்போது இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சிதம்பரம் கொத்சுக்கு மட்டும் ஊருக்குத்தான் போக வேண்டும். ரேஷன் கார்டை உடனே மாற்ற வேண்டியதில்லை, 2020 அக்டோபர் முதல் மாநிலத்தில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம்.

பணம்தான் கடினமான பேச்சு. சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அந்தத் 'தவிர'வில்தான் பத்து மாதம் பிழைத்துக் கிடக்கிறது. ஆனாலும் சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசினால் பத்து ஐந்தாகும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது. கரண்ட் பில்லையும் முன்பே பேசிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன், உள்ளே சப்-மீட்டர் என்றால் அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது, யூனிட்டுக்கு ஓனர் சொன்னதுதான் விலை. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் ஏசி போடுகிறவர்களுக்கு அது நஷ்டமாகாது.

மே மாதம் பேரம் பேச நல்ல நேரம் இல்லை, ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பது ஓனர்களுக்கும் தெரியும். ஆனி முடிவதற்குள் ஆள் வராவிட்டால் ஆவணி வரை வீடு பூட்டிக் கிடக்குமே என்ற கவலை அவர்களுக்கு ஜூலை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளை இல்லாதவர்கள் கோடை முழுக்க மேன்ஷனில் தங்கி, தெருத் தெருவாகப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த வாரம் போய்ப் பேசலாம். ஆடியில் குடிபுக உங்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் மறுப்பில்லை என்றால் இன்னும் நல்லது. ஆனி கடைசியிலேயே அட்வான்ஸ் கொடுத்து, பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, சாமான்களை ஆடியில் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.