சாமிக்கு ஒரு பூ, விருந்தாளிக்கு ஒரு பூ
ஊர் விற்கும் கலை – 7

போன வாரம் மொராக்கோவின் மராகேஷ் சதுக்கத்தில் நின்றோம். பயணிகள் பெருகப் பெருக, கதைசொல்லிகள் அருகிப்போன இடம் அது. இந்த வாரம் பாலி. இங்கே கணக்கு வேறு மாதிரி.

1966-ல் சானூர் கடற்கரையில் பத்து மாடி ஓட்டல் எழுந்தது. 1969-ல் பன்னாட்டு விமான நிலையம் திறந்தது. வந்து இறங்கியவர்களை வரவேற்க ஓட்டல்காரர்களுக்கு ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. 1950-களிலேயே மேடை ஏறியிருந்த பெண்டெட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பெண்டெட், கோயில் திருவிழாவுக்கு இறங்கிவரும் தெய்வங்களை வரவேற்கப் பெண்கள் ஆடுவது. கையில் பூ நிறைந்த வெள்ளிக் கிண்ணம். விழிகள் சட்டென்று இடமும் வலமும் வெட்டும், விரல் நுனிகள் துடிக்கும். கடைசியில் பூவை அள்ளிச் சன்னதியை நோக்கித் தூவுவார்கள். ஓட்டலிலும் அதே கிண்ணம், அதே விழிவெட்டு. பூ மட்டும் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் மேல் விழுந்தது.

ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. 1971-ல் டென்பசாரில் இதற்காகவே ஒரு கருத்தரங்கு கூட்டி, ஆட்டங்களை மூன்றாகப் பிரித்தார்கள். சடங்கோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியவை 'வாலி'. சடங்குக்குத் துணை நிற்பவை 'பெபாலி'. பார்த்து ரசிக்க மட்டுமேயானவை 'பாலிஹ்-பாலிஹான்'. டிக்கெட் போடுவதென்றால் மூன்றாவதற்குத்தான். நம்மிடமும் சக்தி கரகம் வேறு, ஆட்டக் கரகம் வேறுதான். நாம் அதை எழுதிவைக்கவில்லை, அவர்கள் கூட்டம் போட்டு எழுதினார்கள்.

விருந்தாளிகளுக்கென்று ஐ வயான் பெராத்தா என்ற இசைக் கலைஞர் 'பன்யெம்ப்ராமா' என்ற புதிய வரவேற்பு ஆட்டத்தை அமைத்தார். அதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் கலைப்பள்ளியில் அதைக் கற்ற பெண்கள் தங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய், சாமிக்கும் அதையே ஆட ஆரம்பித்தார்கள்! மிஷேல் பிகார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. நல்ல ஆட்டம் என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

பயணிகளுக்காக உருவானது என்பதாலேயே ஒரு கலை போலியாகிவிடாது. கெச்சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாமியாடும் சாங்ஹ்யாங் சடங்கில் ஆண்கள் கூட்டமாக எழுப்பும் 'சக் சக்' ஒலிதான் அதன் மூலம். 1930-களில் பெடுலு ஊர்க்காரர் வயான் லிம்பாக்கும் ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸும் அதில் ராமாயணத்தைச் சேர்த்து, வெளியூர்க்காரர்கள் பார்க்கத் தோதாக வடிவமைத்தார்கள். இன்று உலுவாத்துவில் சூரியன் சாயும் நேரத்தில் மேடையைச் சுற்றி இடம் பிடிப்பதே பெரும்பாடு.

உபுதில் கெச்சாக் ஆடுகிறவர்களில் பலர் முழுநேரக் கலைஞர்கள் அல்ல. ஒரே 'பஞ்சார்', அதாவது ஒரே தெருக்கட்டைச் சேர்ந்த அண்டை வீட்டுக்காரர்கள். ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். மீதி பஞ்சாரின் பொதுப் பணத்தில் சேர்ந்து கோயில் திருப்பணிக்கும் வாத்தியங்களுக்கும் போகிறது. விற்பவர் ஊரே என்பதால், எதை விற்பதில்லை என்று சொல்லும் உரிமையும் ஊர் கையில் இருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. டிக்கெட் காசில் கணிசமான பங்கை வழிகாட்டிகளின் கமிஷன் தின்றுவிடுகிறது என்பது அங்கே பழைய புகார்.

2015-ல் யுனெஸ்கோ பாலியின் ஒன்பது ஆட்டங்களைப் பட்டியலில் ஏற்றியபோது, அந்த மூன்று பிரிவுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் மூங்கில் வாத்தியத்துக்கு ஆடும் ஜோகேட் பும்புங்கும் ஒன்று. ஆடும் பெண், பார்ப்பவர்களில் ஒருவரை இழுத்துவந்து உடன் ஆடவைப்பாள். விரசம் கலந்துபோய் மாநில அரசே கண்டித்த ஆட்டம் அது. அந்த விரசத்துக்குக் கைதட்டியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் ஆண்கள். பரப்பியவை அவர்களுடைய செல்போன்கள்.